பாலுசாமி வேகும் ஞாயிறு

பசிபிக் தீவுநாடான சமோவாவின் மொழியில் சனிக்கிழமைக்குப் பெயர் ‘ஆசோ தோஓனாயி’. ஆசோ என்றால் நாள். தோஓனாயி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் குடும்பம் கூடி உண்ணும் விருந்து. ஞாயிறோ ‘ஆசோ சா’, விலக்கு நாள். கிறிஸ்தவம் புதிதாய் வந்திருந்த காலத்தில் ஓய்வுநாளில் வேலை ஆகாது என்று மிஷனரிகள் கண்டிப்பாக இருந்தார்கள். அடுப்படி வேலையும் வேலைதானே? மறுநாள் சாப்பாட்டை முந்தின நாளே ஆக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்டிப்பு எப்போதோ தளர்ந்துவிட்டது. இன்று ஞாயிறு விடிந்ததை ஊருக்குச் சொல்வது கோயில் மணி இல்லை. அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு பின்கட்டிலிருந்து கிளம்பும் புகை. பெயர் மட்டும் சனிக்கிழமையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அந்தப் புகைக்கு அடியில் இருப்பது ‘உமு’. குழி தோண்டுவதில்லை, தரைமேலேயே விறகை அடுக்கி அதன்மேல் எரிமலைக் கற்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். கல் நன்றாகப் பழுத்ததும் கொள்ளியை விலக்கிக் கற்களைப் பரப்பிவிடுகிறார்கள். சேப்பங்கிழங்கு, பச்சை வாழைக்காய், ஈரப்பலா, இலையில் பொதிந்த மீன் எல்லாம் நேராகக் கல்மேல் போகின்றன. மேலே அடுக்கடுக்காய் இலை மூடி, அவ்வளவுதான். பாத்திரமும் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. இதில் நமக்கு வியப்பான செய்தி, இந்த வேலை முழுக்க இளைஞர்களுடையது. குடும்பத் தலைவர் பட்டம் பெறாத ஆண்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, கரி படிந்த கையோடு குடும்பத்துக்கு ஆக்கிப் போடுவார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் இந்த ஊழியத்துக்கு ‘தௌத்துவா’ என்று பெயர். நாளைக்குக் குடும்பத் தலைமையும் ‘மாத்தாய்’ பட்டமும் வேண்டுமென்றால் இன்றைக்கு உமு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும்.

உமுவின் ராஜா பாலுசாமி. பழனிச்சாமிக்குத் தம்பி போலிருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். அவர்கள் மொழியில் ‘பாலு’ என்றால் கலப்பது, ‘சாமி’ என்றால் கடல். ஒருகாலத்தில் உப்புக்குப் பதில் கடல்நீரைச் சேர்த்ததால் வந்த பெயர் என்பார்கள். இளஞ்சேம்பு இலைகள் நாலைந்தை, பெரியது அடியிலும் சிறியது மேலுமாக உள்ளங்கையில் அடுக்கிக் கிண்ணம்போல் குழிக்கிறார்கள். அதில் தண்ணீர் கலக்காத கெட்டித் தேங்காய்ப்பால், வெங்காயம், உப்பு. பால் சிந்தாமல் இலையின் ஓரங்களை மேலே கூட்டி மடித்து, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, அதையும் ஓர் ஈரப்பலா இலையில் சுற்றி, அந்த இலையின் காம்பையே ஊசிபோல் குத்தி முடிகிறார்கள். சேம்பிலை சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் என்பது நம் வீடுகளிலும் தெரிந்ததுதான். வெந்துவிட்டாலோ இலையும் பாலும் ஒன்றாய்க் குழைந்து, பிரித்தவுடன் புகைமணத்தோடு கரும்பச்சையாய்த் தளதளவென்று நிற்கும். அதைக் கிழங்கில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இந்த அடுப்பு வேதத்துக்கு மூத்தது. 1830-ல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் (எல்.எம்.எஸ்.) சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் சவாயித் தீவின் சபபாலியி கிராமத்தில் கரையேறியபோது அங்கே உமு பல நூற்றாண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. (கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே ஊன்றிய எல்.எம்.எஸ். சபையும் அதே சங்கத்தின் கிளைதான். நாகர்கோவில்காரர்களுக்குச் சமோவா ஒருவகையில் பெரியம்மா மக்கள் வீடு.) ஊர்த்தலைவர் மாலியேத்தோவா வாயினூபோ புதிய மதத்தை ஏற்றுக்கொண்டார். வில்லியம்ஸ் சில நாளில் கப்பலேறிவிட்டார். விட்டுச்சென்றது தஹீத்தி, ரரோத்தோங்கா தீவுகளைச் சேர்ந்த உபதேசியார்களை. ஊர் வீடுகளில் தங்கி, ஊர் சோற்றைச் சாப்பிட்டு, வேதம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். 1844-ல் மாலுவாவில் இறையியல் கல்லூரி, 1855-க்குள் முழு வேதாகமமும் சமோவா மொழியில். 2017-ல் அரசியலமைப்பையே திருத்திக் கிறிஸ்தவ நாடு என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் மதம் வேர்பிடித்த கதை சட்டத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது. பழைய சமோவாவில் சகோதரிக்கும் சகோதரனுக்கும் நடுவே ‘ஃபெயாகைகா’ என்றோர் உடன்படிக்கை உண்டு. அவளுக்கு முதல் மரியாதை, நல்ல பங்கு. ஊருக்குப் போதகர் வந்தபோது அந்தச் சகோதரியின் இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவரையும் ஃபெயாகைகா என்றே அழைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை உமு திறந்ததும் சிறந்த பங்கு போதகர் வீட்டுக்குப் போகிறது. வந்தது புதிய ஏற்பாடு என்றாலும், பந்திவரிசை பழைய ஏற்பாடு.

மாறியது என்ன என்றால், முதலில் தகரடப்பாவைச் சொல்ல வேண்டும். கப்பலில் வந்த பட்டாணி சூப் டப்பாவின் ஆங்கிலப் பெயர் சமோவரின் நாவில் ‘பிசுப்போ’ ஆனது. பிறகு மாட்டிறைச்சி டப்பா வந்தது. பெயர் அதற்கு இடம் மாறிக்கொண்டது. இன்று கல்யாணம், சாவு, பட்டமேற்பு எதுவானாலும் பிசுப்போ பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மிஷேல் டஃபெரி என்ற ஓவியர் 1994-ல் அந்தத் தகரங்களைத் தட்டி ஆணியடித்து முழு உருவில் ஒரு காளையைச் செய்தார். அது இப்போது வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஜெர்மனி ஆண்ட நாளில், 1903 முதல், தோட்டவேலைக்குச் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வழியே வந்த சேமியா வதக்கல் ‘சப்பசூயி’ என்ற பெயரில் இன்று தோஓனாயியில் பாலுசாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது வான்கோழியின் வால். அமெரிக்காவில் பெரும்பாலோர் தின்னாத அந்தக் கொழுப்புத் துண்டு மலிவாக வந்து குவிந்து, நீரிழிவும் உடல்பருமனும் பெருகியபோது சமோவா 2007-ல் அதைத் தடை செய்தது. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக அந்தத் தடையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கல்லில் வெந்த கிழங்கைத் தின்று வாழ்ந்தவர்களிடம் எவனோ கழித்த கொழுப்பைத் தள்ளிவிட்டு, அதற்குச் சுதந்திர வர்த்தகம் என்று பெயர் வைத்தார்கள். ‘ஆலோஃபா’, அதாவது அன்பு, அங்கே தட்டின் நிறைவில் அளக்கப்படுகிறது. தட்டில் என்ன நிறைகிறது என்று கேட்பது விருந்தோம்பலுக்கு அழகில்லை என்பதுதான் சிக்கல்.

கிழங்குக்கும் சோதனை வந்தது. 1993-ல் சேம்பு இலைகளில் பூஞ்சைபோன்ற கருகல் நோய் பரவி, ஓராண்டுக்குள் வயல்கள் வெறிச்சோடின. ஏற்றுமதி நின்றது. பாலுசாமிக்கே இலை இல்லாத நாட்கள். நோய் தாங்கும் வகைகளை உருவாக்கி மீண்டுவர ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த மாற்றம் கடல் தாண்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொழிற்சாலை வேலைக்காக நியூசிலாந்து போனவர்கள் 1947-ல் ஆக்லாந்தின் நியூட்டன் பகுதியில் தங்களுக்கென்று சபை கூடினார்கள். இப்போது நியூசிலாந்தில் சமோவர் 2 லட்சத்துக்கு மேல். தாய்நாட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. அங்கே வாடகை வீட்டின் பின்புறத்தில் கல்லைப் பழுக்கவைத்தால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். வாழையிலையின் இடத்துக்கு அலுமினியத் தாள் வந்தது. பிழிந்த பாலுக்குப் பதில் டப்பாப் பால். உமுவுக்குப் பதில் மின்அடுப்பு. ஊரில் இளைஞர் கூட்டம் செய்த வேலை, நியூசிலாந்தில் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அம்மாவின் தலையில் விழுந்துவிட்டது. எல்லா மாற்றத்திலும் இதைத்தான் நான் இழப்பென்று சொல்வேன். புகைமணம் போனதைக்கூட அல்ல.

ஆண்டுக்கொரு நாள் மட்டும் பந்திவரிசை தலைகீழாகிறது. அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, ‘வெள்ளை ஞாயிறு’. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி ஆலயத்தில் வசனம் ஒப்பிப்பார்கள், வேதக் கதைகளை நடித்துக்காட்டுவார்கள். வீடு திரும்பியதும் அவர்களுக்கே முதல் பந்தி. மற்ற நாளில் பெரியவர்கள் உண்டு முடியும்வரை விசிறியோடு நின்று ஈ ஓட்டும் சிறுவன் அன்று பாயில் உட்கார்ந்திருப்பான். அப்பா நின்றுகொண்டு பரிமாறுவார். 2019-ல் அந்த ஞாயிறு நடந்த வேளையில் தட்டம்மை தீவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. சில வாரங்களில் 83 பேர் போனார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுத்த ஆண்டு அக்டோபரில் முதல் பந்தியில் எத்தனை வீடுகளில் இடம் காலியாய் இருந்திருக்கும் என்று எண்ணாமல் இந்தப் பண்டிகையைப் பற்றி என்னால் எழுத முடிவதில்லை.

சமோவாவில் வெள்ளை ஞாயிற்றுக்கு மறுநாள் அரசு விடுமுறை. ஆக்லாந்தில் கிடையாது. பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். முந்தின நாள் மிஞ்சிய பாலுசாமி, அலுமினியத் தாள் பிரிக்காமலே, மதியச் சாப்பாட்டுப் பையில் போகிறது.