அகராதி எழுதும் கை யாருடையது?

“பாரிஸ் ஒண்ணு” என்று காசை நீட்டினால் சென்னை பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். பிரான்சு தேசத்துக்கு நம் பஸ் போகாதே ஐயா என்று அவர் திகைப்பதில்லை. கேட்டவர் போக வேண்டியது பாரிமுனை என்பது அவருக்குத் தெரியும். ஏறிய இடம் தெரியும், போகும் வழி தெரியும், ஆளின் முகமும் மூட்டையும் தெரியும். கணிப்பொறிக்கோ இவற்றில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பாரிஸ் என்பது மூன்றே எழுத்து. பிரான்சின் தலைநகரும் பாரிஸ்தான். ஹெலனைக் கவர்ந்து சென்று டிராய் நகரை நெருப்புக்கு இரையாக்கிய இளவரசனும் பாரிஸ்தான். நம் பாரிமுனையும் பாரிஸ்தான்!

கோடிக்கணக்கான பக்கங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் புரட்டும் பொறி, புரட்டியதில் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாது. இந்தக் குறையைப் போக்கப் புறப்பட்ட விஞ்ஞானிகளில் முன்வரிசையில் நின்றவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹெண்ட்லர். பாட்டாளித் தோழனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அக்கறை இருக்கிறது, தோழர்களே! கூலியிலே கொண்டுபோய் முட்டுகிற அக்கறை. அதற்கு வருகிறேன்.

மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹெண்ட்லரும் அவருடைய மாணவர்களும், 1990-களின் பிற்பாதியில், இணையப் பக்கத்துக்குள்ளேயே சொல்லின் பொருளையும் குறித்து வைக்க ஒரு மொழி செய்தார்கள். ‘ஷூ’ என்று அதற்குப் பெயர். பிறகு அவர் அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சி அமைப்பான தார்பாவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே உருவான மொழியும், ஐரோப்பியர் செய்த ‘ஆயில்’ என்ற மொழியும் கலந்தன. அந்தக் கலப்பிலிருந்து வளர்ந்து, 2004 பிப்ரவரியில் இணையத்தின் தரநிர்ணய அமைப்பால் ஏற்கப்பட்ட மொழிக்குப் பெயர் ‘அவுல்’. அதாவது ஆந்தை! செருப்பு, எண்ணெய், ஆந்தை... விஞ்ஞானிகள் பெயர் வைக்கும் அழகு இது. ஆந்தை அலறினால் அபசகுனம் என்று புறப்பட்ட காரியத்தை நிறுத்திவிட்டு வீடு திரும்புவோர் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். மேனாட்டாருக்கோ அது அறிவின் சின்னம். பறவை ஒன்றுதான், அகராதிதான் வேறு.

இந்த மொழிகளுக்குள் இருப்பது என்ன மாயமோ என்று மிரள வேண்டாம். நம் பள்ளிக்கூட இலக்கணம்தான் இருக்கிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்தோமே, அதைப் போல ஒவ்வொரு செய்தியையும் மூன்று துண்டாக்குகிறார்கள். ‘பாரிஸ் — தலைநகர் — பிரான்சு’ என்பது ஒரு செய்தி. அந்தப் பாரிசுக்குத் தனி முகவரி ஒன்று கொடுத்துவிட்டால், இளவரசன் பாரிசோடு குழப்பம் வராது. அடுத்து விதிகள்: ஒரு நாட்டுக்கு ஓர் ஊர் தலைநகர் என்றால் அந்த ஊர் அந்த நாட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு விதி எழுதி வைக்கிறார்கள். உடனே, பாரிஸ் பிரான்சுக்குள் இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே பொறி தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. இப்படிச் சொல்லுக்குச் சொல் உறவும் முறையும் வகுத்துக் காட்டும் அகராதிதான் அத்தனைக்கும் அடித்தளம்.

பொருள் தெரிந்த பொறி கிடைத்துவிட்டால் அடுத்து என்ன? ஏஜெண்டு வைப்பது! நாமறிந்த இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு கமிஷன் கேட்பார். இந்த ஏஜெண்டு கேட்காது. ஏனெனில் அது வெறும் நிரல். ‘சயிண்டிபிக் அமெரிக்கன்’ ஏட்டின் 2001 மே இதழில் ஹெண்ட்லரும், இணைய வலையைக் கண்ட டிம் பெர்னர்ஸ்-லீயும், ஓரா லாசிலா என்பவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு கற்பனைக் கதை. அண்ணன் தங்கை இருவர். தாயாருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டும். ஏஜெண்டை ஏவுகிறார்கள். அது டாக்டரின் ஏஜெண்டிடம் விவரம் கேட்கிறது. இன்ஷ்யூரன்சுக்குள் அடங்கும் நிலையங்களைத் தேடுகிறது. வீட்டுக்கு 20 மைலுக்குள் இருப்பவற்றையும் நற்பெயர் உடையவற்றையும் பொறுக்குகிறது. இருவருக்கும் ஒழிந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்துத் திட்டத்தை நீட்டுகிறது. அண்ணன் மறுக்கிறான் — ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடி, திரும்பும்போது வண்டி நெரிசல் வேறு. சரி என்று வேறு திட்டம் கொண்டுவருகிறது. சில நிமிட வேலை! ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக்காக அரை நாள் கால் கடுக்க நின்றவர்களுக்கு இந்தக் கனவின் அருமை தெரியும். நானும் நின்றவன்தான்.

இப்படிப் பல ஏஜெண்டுகள் கூடினால், வேலையைத் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்? அதற்கான வழி ஹெண்ட்லருக்கு முன்பே வகுக்கப்பட்டது. ரீட் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் 1980-இல் வெளியிட்ட ஏற்பாடு அது. பெயர்: ‘கான்ட்ராக்ட் நெட்’. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் டெண்டர் முறையேதான்! ஒரு ஏஜெண்டு மானேஜராகி, இன்ன வேலை இருக்கிறது என்று அறிவிக்கும். கையொழிந்த ஏஜெண்டுகள், எங்களால் இப்படி முடியும் என்று மனுப் போடும். மானேஜர் சிறந்ததைத் தேர்ந்து ஒப்படைக்கும். எடுத்தவர் கான்ட்ராக்டர். அவரே வேலையை உடைத்து அடுத்தவருக்கு விடலாம் — ஆம், சப்-கான்ட்ராக்ட்! துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் நாம் பார்த்துப் பார்த்துச் சலித்த ஏணி, கணிப்பொறிக்குள்ளும் ஏறிவிட்டது. பொறிக்கு வயிறு கிடையாது; அது எந்த விலைக்கும் மனுப் போடலாம். அங்கே அந்த முறை நல்ல முறைதான்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனுப் போடுவோர் தமக்குள் கலந்து பேசிக்கொள்ள அந்த ஏற்பாட்டில் இடமில்லை என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் கண்ட கனவு பலித்ததா? அப்படியே பலிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பொருள் குறித்து வைக்கும் வேலைக்குக் கூலி தருவார் யாருமில்லை. கணக்கைத் திறந்து காட்ட வியாபாரிக்கு மனமில்லை. பொய்க் குறிப்பு எழுதி ஆள் பிடிப்போருக்கும் பஞ்சமில்லை. ஆனால் அகராதி மட்டும் சாகவில்லை! கூகிள், மைக்ரோசாப்டு, யாஹூ ஆகிய மூன்று நிறுவனங்களும் 2011-இல் கூடி ‘ஸ்கீமா’ என்ற பொது அகராதியை வெளியிட்டன. எது கடை, எது பண்டம், எது விலை என்று தேடுபொறிக்குச் சொல்ல விரும்புவோர் அந்த அகராதியின் சொல்லைக் கையாளலாம் என்றாயிற்று. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் ஆர்.வி. குஹா; சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். மறுபுறம் 2012-இல் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று ‘விக்கிடேட்டா’ பிறந்தது. ஒரு பக்கம் கம்பெனி எழுதும் அகராதி. மறுபக்கம் பொதுமக்கள் எழுதும் அகராதி. ஹெண்ட்லருடைய குழு, 2009-இல் திறக்கப்பட்ட அமெரிக்க அரசின் பொதுத் தகவல் களஞ்சியத்தை இந்த முத்துண்டுச் செய்திகளாக மாற்றிக் கொடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் சேர்ந்த கணக்கு மக்கள் கைக்கு வரவேண்டும் என்ற வேலை அது. பாராட்டத்தான் வேண்டும்.

அந்த வேலை நடந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹெண்ட்லர் 2007-இல் போய்ச் சேர்ந்த ரென்ஸலர் தொழிற்கல்விக் கூடம் இருப்பது நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில். பாரிஸ் இளவரசன் அழித்த டிராயின் பெயர்தான். சட்டைக் காலர் செய்து உலகுக்கு அனுப்பியதால் ‘காலர் நகரம்’ என்று பேர் பெற்ற ஊர். காலர்களை வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்த பெண்கள் சூட்டிலும் ஆவியிலும் வெந்தார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனியே நின்றவரை முதலாளி சொன்னதே விலை. 1864 பிப்ரவரியில் அயர்லாந்திலிருந்து வந்த இளம்பெண் கேட் முல்லனி, சுமார் 300 பெண்களைத் திரட்டிச் சங்கம் கண்டாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கூலியில் கால் பங்கு உயர்வு! 1869-இல் நடத்திய போராட்டத்தில் தோற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த அக்கறைக்கு வருவோம். ஊபர் என்ற வாடகைக் கார் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் ஓட்டுநரைத் தொழிலாளி என்று எழுதவில்லை. சுயேச்சையான கான்ட்ராக்டர் என்று எழுதிற்று. ஸ்மித்தின் சொல்லே! ஆனால் ஸ்மித்தின் கான்ட்ராக்டருக்கு மனுப் போடவாவது உரிமை உண்டு. இங்கே கட்டணத்தை வகுப்பது நிறுவனம். வழக்கு நடந்த காலத்தில், சவாரி எங்கே போகிறது என்பது பயணியை ஏற்றும் வரை ஓட்டுநருக்குத் தெரியாதிருந்தது. வரும் அழைப்பை அடுத்தடுத்து மறுத்தால் பொறி அவரைக் கொஞ்ச நேரம் வெளியே தள்ளிவிட்டது. லண்டன் ஓட்டுநர்களான யாசீன் அஸ்லமும் ஜேம்ஸ் ஃபாரரும் வழக்குத் தொடுத்தார்கள். 2016-இல் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். நிறுவனம் மேலே மேலே போயிற்று. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொன்னது: ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதினாலும் சரி, இவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் இவர்களுக்கு உண்டு.

ஒரு சொல் மாறிற்று. மறுமாதமே, பிரிட்டனில் உள்ள 70,000-க்கு மேற்பட்ட ஓட்டுநர்களுக்கு அந்த உரிமைகளைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதோடு தகராறு ஓய்ந்ததா? ‘வேலை நேரம்’ என்ற சொல்லில் போய் நின்றது! ஓட்டுநர் பொறியைத் திறந்துவிட்டு, தமக்கு உரிமம் உள்ள எல்லைக்குள் சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்றது தீர்ப்பு. சவாரியை ஏற்ற பிறகுதான் கணக்கு என்றது நிறுவனம். தெரு முனையில் அடுத்த அழைப்புக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு எந்தப் பெயர் என்று சங்கத்தார் சண்டையைத் தொடர்ந்தார்கள்.