வார்க்காமல் அடித்த பீரங்கி

தஞ்சாவூர்க் கீழ அலங்கத்தில், பழைய கோட்டையின் கிழக்கு வாசல் பக்கம் உயர்ந்து நிற்கும் பீரங்கி மேட்டில் இருக்கிறது இராசகோபாலப் பீரங்கி. 1620இல் டேனியர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்த தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் காலத்தது. நீளம் ஏறக்குறைய 7.5 மீட்டர், எடை சுமார் 22 டன். குழலின் வெளிவிட்டம் 93 செ.மீ., உள்விட்டம் 63 செ.மீ.

இவ்வளவு பெரிய பீரங்கியை வார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. பீஜப்பூரின் மாலிக்-இ-மைதான் பீரங்கி 1549இல் வெண்கலத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது. இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அன்றைய கரி உலைகளில் அந்தச் சூடு எட்டாது. எனவே தஞ்சைப் பீரங்கி கொல்லர்களின் சம்மட்டியால் உருவானது.

முதலில் 43 நீளமான இரும்புப் பட்டைகளைக் குழலின் வடிவில் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். அவற்றின் மேல் 94 வளையங்களை ஏற்றினார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றும் முறையேதான்: காய்ச்சிய வளையம் விரிந்து மேலே ஏறும், ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். வெண்சூட்டில் இளகிய இரும்போடு இரும்பை வைத்து அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆணியும் வேண்டாம், பற்றாசும் வேண்டாம்.

வளையங்கள் வெறும் கட்டு அல்ல. வெடிமருந்து பற்றும்போது குழலைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும் விசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைவிடக் கூடுதல். அந்தப் பிளக்கும் விசையைத் தாங்குபவை வளையங்களே. கணக்குப் புத்தகம் இல்லாமலே கொல்லர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

இந்த வேலையை ஐரோப்பியர் தயவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டும் கலை இங்கே பழையது. சுமார் 1,600 ஆண்டு வயதான தில்லி இரும்புத் தூணும் அப்படி உருவானதே. கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியமும் உடனாய்வாளர்களும் தஞ்சைப் பீரங்கியை இந்திய உலோகக் கலையின் அரிய சாதனையாக எழுதினார்கள். நான்கு நூற்றாண்டுகளாகத் திறந்த வெளியில் வெயிலையும் ஐப்பசி மழையையும் வாங்கியும் அது உருக்குலையவில்லை.

ஆனாலும் தஞ்சையின் பெருமை என்றால் கல்லும் செம்பும்தான் பேச்சில் வருகின்றன, இரும்பு வருவதில்லை. பெரிய கோயிலுக்கு வருபவர்கள் கீழ அலங்கத்துக்கும் ஒருமுறை போக வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போய், பட்டைகளையும் வளையங்களையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும்.