இது பரம்பரை நோயா?

பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. நாள் குறிப்பதுதான் பாக்கி. அப்போது யாரோ மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்கள்: "பெண்ணின் அண்ணனுக்கு மனநோய். அது பரம்பரையாக வரும்." மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். பேச்சு நின்றது.

பெண்ணின் அம்மா எதையும் மறைக்கவில்லை. மகனிடம் சம்மதம் கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணா, என் மகனுக்கு நோய் இருப்பது உண்மை. நாளை அவனோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள். டாக்டரிடமே கேளுங்கள்."

அவரும் போனார்.

என்ன நோய்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் திடீரென்று மாறினார். இரவில் தூங்கவில்லை. ஆனாலும் களைப்பு இல்லை. ஓயாமல் பேசினார். கடன் வாங்கிக் கண்டதை எல்லாம் வாங்கினார். தடுத்தால் கோபம் வந்தது. சில வாரங்கள் இப்படி. பிறகு மூலையில் முடங்கினார். சாப்பாடு வேண்டாம். வேலை வேண்டாம். "நான் ஏன் வாழ வேண்டும்?" என்றார்.

இதுதான் இருமுனை மனநோய். டாக்டர்கள் 'பைபோலார்' என்பார்கள். ஒரு முனையில் மனம் பொங்கும். மறு முனையில் மனம் சோரும். இது பேய் அல்ல. சாபம் அல்ல. தொற்றும் நோயும் அல்ல.

குடும்பத்தில் வருமா?

டாக்டரம்மா விளக்கினார்:

"பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய், தந்தை, உடன்பிறந்தவர் இவர்களில் ஒருவருக்கு இருந்தால், 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வரலாம். ஆகவே குடும்பத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. ஆனால் மீதி 90 பேரை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை.

"அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரைப் பாருங்கள். அவர்களிலும் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. விதை மட்டும் இருந்தால் முளைக்காது. ஈரமும் வேண்டும். தூக்கம் கெடுவது, கஞ்சா, குடி, பெரிய துயரம் ஆகியவை நோயைத் தூண்டலாம். குடும்பத்தில் இந்த நோய் உள்ள பெண்களைப் பிரசவத்துக்குப் பின் கவனமாகப் பார்க்க வேண்டும்."

மருந்து உண்டா?

உண்டு. லித்தியம் என்ற மருந்து 1949 முதல் பயன்படுகிறது. வேறு மருந்துகளும் உள்ளன. லித்தியம் சாப்பிடுபவர் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குணமானது போல் தெரிந்தாலும் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக விரும்பும் பெண்கள் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த மகன் மருந்து சாப்பிடுகிறார். மீண்டும் வேலைக்குப் போகிறார்.

யாரிடம் கேட்பது?

அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது 2022-இல் தொடங்கிய அரசுச் சேவை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே உதவி தேடுங்கள்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: "எனக்குச் சர்க்கரை நோய். என் அப்பாவுக்கும் இருந்தது. அதைக் கேட்டு யாரும் எங்கள் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லையே!"

அடுத்த வாரம் நாள் குறிக்க வந்தார்கள்.

பேசிப் பாருங்கள்
1. சர்க்கரை நோயை வெளியே சொல்கிறோம். மனநோயை ஏன் மறைக்கிறோம்?
2. அந்த அம்மா உண்மையை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?