எடின்பரோவில் ஒரு கேள்வி! கொல்லிமலைக் காட்டுக்கு ஒரு சட்டம்!

1850-ம் ஆண்டில் தொடங்கிய கதை

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியில் மலை ஏறத் தொடங்குவார்கள். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அவற்றைக் கடந்து மேலே போனால் சோளக்காடு வந்துவிடும்.

சோளக்காடு, சந்தைக்குப் பெயர்போன ஊர். அன்னாசி, வாழை, பலா, மிளகு, காப்பிக்கொட்டை எல்லாம் அங்கே விலைக்கு வருகின்றன. அவற்றை விளைவிப்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கண்டு கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

கொல்லிமலையில் ஊரும் வயலும் உண்டு. சரிவுகளில் காடும் உண்டு. அந்தக் காட்டில் பெரும்பகுதி "ரிசர்வ்" காடு. அதாவது, சர்க்காருக்குச் சொந்தமான காடு.

தலைமுறை தலைமுறையாக மலைமக்கள் புழங்கி வந்த காடு சர்க்கார் காடு ஆனது எப்படி?

அதைத் தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்து நாட்டுக்குப் போக வேண்டும். அதுவும் 1850-ம் ஆண்டுக்கு!

புயல் காட்டிய புதையல்

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்காட்லாந்து. அதன் தலைநகர் எடின்பரோ. 1850-ல் அங்கே விக்டோரியா மகாராணியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அந்த நாட்டுக்கு அது அதிசயமான ஆண்டு. ஆர்க்னி தீவில் பெரும் புயல் அடித்தது. கடற்கரை மணல்மேடு சரிந்தது. அடியிலே கல்வீடுகள் தெரிந்தன! "ஸ்காரா பிரே" என்ற அந்த ஊர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தியது என்று பிற்காலத்தில் தெரியவந்தது.

ஜேம்ஸ் யங் என்ற ரசாயன நிபுணர், நிலக்கரியிலிருந்து விளக்கு எண்ணெய் எடுக்கும் முறைக்கு அந்த ஆண்டு உரிமை பெற்றார். "புதையல் தீவு" கதையை எழுதிய ஸ்டீவன்சன் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆனால் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் அழுகுரல் கேட்டது. 1846 முதல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கிழங்கையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். "குடியானவனைவிட ஆடு லாபம்" என்று கணக்குப் போட்ட நிலப்பிரபுக்கள் பலர், குடும்பம் குடும்பமாக மக்களை வெளியேற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போனார்கள்.

டாக்டர் கிளெக்ஹார்ன்

அந்த ஆண்டு கோடையில் எடின்பரோவில் விஞ்ஞானிகள் மாநாடு கூடியது. தலைவர், சர் டேவிட் புரூஸ்டர். உருட்ட உருட்டக் கோலம் கோலமாகக் காட்டுமே ஒரு குழாய், அந்தக் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

மாநாட்டில் ஓர் இளம் டாக்டரும் இருந்தார். பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். 1820-ல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதிலேயே சொந்த நாடான ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டு, எடின்பரோவில் வைத்தியம் படித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராகத் தென்னிந்தியாவில் வேலை பார்த்தவர். செடி கொடிகள் மீது அவருக்குத் தீராத ஆசை.

மாநாட்டில் ஒரு கேள்வி எழுந்தது. வெப்ப நாடுகளில் காடுகளை அழித்தால் என்ன ஆகும்? மழை, ஊற்று, மண் இவற்றின் கதி என்ன?

பதில் காண ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் கிளெக்ஹார்னும் ஒருவர். 1851-ல் அறிக்கை வந்தது. கண்டபடி மரம் வெட்டுவதால் பெரும் நஷ்டம் ஏற்படும், காட்டைக் காக்க ஏற்பாடு வேண்டும் என்றது அறிக்கை.

ரெயிலுக்கு மரம்

1856 ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரெயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரெயில் அது.

தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டுமே! ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 கட்டைகள். கட்டை உளுத்தால் வேறு கட்டை. எஞ்சினில் எரிக்க விறகு. காடுகள் மளமளவென்று சாய்ந்தன.

அதே 1856-ல் சென்னை மாகாணத்தில் காட்டு இலாகா ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் கிளெக்ஹார்ன்! அவர் ஊர் ஊராக, காடு காடாகச் சுற்றினார். எந்த மரத்தை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று விதிகள் வந்தன. காப்பாற்றப்பட்ட மரங்கள் பல.

கொத்துக்காட்டுக்குத் தடை

ஆனால் அவர் கண்ணில் மரம் வெட்டும் காண்டிராக்டர்கள் மட்டும் படவில்லை. மலைமக்களும் பட்டார்கள்.

மலைமக்கள் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரிப்பார்கள். மண்ணைக் கொத்திச் சாம்பலில் விதைப்பார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். விட்ட இடத்தில் மறுபடி காடு வளரும். இதற்குக் "குமரி" சாகுபடி என்று பெயர். கொத்துக்காடு என்றும் சொல்வது உண்டு.

நல்ல மரங்கள் இதில் வீணாகின்றன என்றார் கிளெக்ஹார்ன். அனுமதி இல்லாமல் குமரி சாகுபடி செய்யக்கூடாது என்று 1860-ல் உத்தரவு பிறந்தது.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அப்போது கொல்லிமலை சென்னை மாகாணத்தின் சேலம் ஜில்லாவில் இருந்தது. ஒரு காட்டை ரிசர்வ் ஆக்குவதற்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உரிமை கோருகிறவர்கள் அதிகாரியிடம் சொல்லலாம். அதற்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம் உண்டு என்றது சட்டம். கெடுவுக்குள் சொல்லாவிட்டால்? உரிமை போயிற்று!

எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிக்கு கெஜட் அறிவிப்பு எப்படித் தெரியும்? பாட்டன் காலத்துக் காட்டுக்குப் பத்திரம் எங்கே இருக்கும்?

இரண்டு மலைநாடுகள்

கிளெக்ஹார்ன் கெட்டவர் அல்ல. காடு அழிந்தால் நாடு கெடும் என்று அவ்வளவு முன்னதாகவே சொன்னவர். 1895-ல் ஸ்காட்லாந்தில் தம் சொந்த எஸ்டேட்டில் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய ஏற்பாட்டில் மரத்துக்குக் கிடைத்த காவல், மரத்தடியில் வாழ்ந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியானவர்கள் போராடினார்கள். 1886-ல் அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நியாயமான வாரம் கொடுத்து வரும் குடியானவனை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது!

இந்தியாவின் மலைமக்கள் அதைவிட நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 2006-ல்தான் வன உரிமைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. சென்னை வனச் சட்டம் வந்து 124 ஆண்டுகள் கழித்து! பழங்குடி மக்களுக்கு முன்பு வரலாற்று அநீதி நடந்தது என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். தேனும் கிழங்கும் போன்ற காட்டுப் பொருள்களைச் சேகரிக்கவும் உரிமை உண்டு. பத்திரம் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சாட்சியாகும்.

மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. 1882-ல் மலைவாசி, அதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அவன் தன் ஊர்க் கூட்டத்திலேயே எழுந்து பேசலாம்.