செஞ்சிக்கோட்டையில் ஒரு பென்சில்!

"மச்சான், கோட்டை மொத்தமும் ஃபிரேம்ல வர்ற மாதிரி எடுடா!"

செஞ்சிக்கோட்டைக்குப் போகிற எந்தக் காலேஜ் கேங்காக இருந்தாலும், பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பேசுகிற முதல் டயலாக் இதுதான். புல்வெளியில் வரிசையாக நின்று, பின்னணியில் கல்யாண மஹால் தெரிய ஒரு குரூப் போட்டோ. அடுத்து ஒரு ஜம்ப் ஷாட். யானைக்குளத்தில் ஒன்று. ராஜகிரி உச்சியில் நாக்கு தள்ளத் தள்ள ஒரு செல்ஃபி. சாயங்காலம் பஸ் ஏறும்போது போனில் முந்நூறு படங்கள் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால்... போன வருஷம் சீனியர்ஸ் எடுத்த அதே படங்கள். முகம் மட்டும்தான் வேற!

யாரையும் கிண்டல் பண்ணலை பாஸ். செகண்ட் இயர் டூரில் நானும் இதே முந்நூறு படங்களை எடுத்தவன்தான். இன்றைக்கு அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. போனோடு போச்சு.

சில வருஷம் கழித்து மறுபடி செஞ்சி போனேன். கூட என் நண்பனும் அவன் தங்கையும். அவள் ஓவியம் படிக்கிற பெண். பத்து மணிக்கெல்லாம் என் போனில் சார்ஜ் காலி. நெற்களஞ்சியத்துக்குள் 'உச்' கொட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்கண்ணா... அந்த வளைவை வரைங்க" என்று ஒரு பென்சிலையும் பேப்பரையும் நீட்டினாள்.

"எனக்கு வரையத் தெரியாதும்மா."

"பார்க்கத் தெரியும்ல? அது போதும்."

வேறு வழியில்லாமல் வரைய ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் கோணல்மாணல். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வாசல் வழியே விழுந்த வெயில் மெல்ல நகர்கிறது. சுவரின் தடிமன் என் கை நீளத்தைவிட அதிகம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கிற கட்டுமானம் எட்டிப் பார்க்கிறது. ஏற்கெனவே ஒருமுறை இதே இடத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். ஆனால், இதில் எதையுமே பார்த்ததில்லை!

அந்தச் சுவரில் இன்னொன்றையும் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்றேன்.

எட்டு வருஷமும் எட்டு செகண்டும்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைக்கிற மதில்கள். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, 1690-ல் முகலாயப் படை வந்து சூழ்ந்தது. கோட்டை விழுந்தது 1698-ல்! ஏறக்குறைய எட்டு வருஷம் ஒரு படையே வெளியே உட்கார்ந்து இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நாமோ எட்டு செகண்டில் 'கிளிக்' பண்ணிவிட்டு, "அடுத்து எங்கடா சாப்பாடு?" என்கிறோம்.

புதுசா ஐடியாவே வரமாட்டேங்குதே என்று புலம்புகிற போட்டோ பிரியர்கள், ஓவியப் பிரியர்கள் எல்லோருக்கும் செஞ்சி சொல்கிற முதல் பாடம் இதுதான். ஐடியாவுக்குப் பஞ்சமில்லை, நாம் நிற்கிற நேரம்தான் பத்தவில்லை.

கேமராவிலிருந்து பென்சிலுக்கு!

செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவோடு இருந்தார். பெயர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். உலகப் புகைப்படக் கலையின் பெரிய தலை! அதே மாதம் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரையும் படமெடுத்தார்.

அவர் கையில் பெரும்பாலும் இருந்தது ஒரு சின்ன லைக்கா கேமராவும் 50 எம்.எம். லென்ஸும்தான். ஜூம் கிடையாது. கிட்டே வேணுமா? நடந்து போ. தூரம் வேணுமா? பின்னால் வா. அவ்வளவுதான்!

இன்னொரு விஷயம் தெரியுமா? அவர் இளமையில் படித்தது ஓவியம். உலகமே கொண்டாடிய பிறகு, 1970-களில் கேமராவைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டு மறுபடி பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். நமக்கெல்லாம் வரைவது தனி, படமெடுப்பது தனி. அவருக்கு இரண்டுமே பார்க்கிற வேலைதான்.

"நான் பி.காம். படிக்கிறேன், எனக்கெதுக்கு ஓவியம்?" என்கிறீர்களா? சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் கதையைக் கேளுங்கள். 1850-ல் அதைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொழில்முறை ஓவியர் இல்லை. அவர் ஒரு மருத்துவர்! 1850-களில் சென்னையில் போட்டோகிராஃபி ஆர்வலர்கள் சங்கம் வைத்தபோதும் முன்னால் நின்றவர் அவர்தான். 'அமெச்சூர்' என்ற பிரெஞ்சு வார்த்தைக்கே 'நேசிக்கிறவர்' என்றுதான் அர்த்தம். அரைகுறை என்று நாமதான் மாத்திக்கிட்டோம்!

இல்லாததும் நல்லதே!

"நல்ல கேமரா இருந்தா பின்னிடுவேன்" என்பது நம்ம தேசிய டயலாக். அப்படிச் சொல்கிறவர்கள் செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் செய்த குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு வேலை. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலேயே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார் மன்னர். அவருக்கு 'சித்திரகாரப்புலி' என்றும் ஒரு பட்டம் உண்டு.

'இல்லை... இல்லை...' என்பதை மனிதர் புகாராகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார். நம்ம போனில் ஜூம் சுமார்தானே? இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க ஜூமையே தொடாமல் எடுத்துப் பாருங்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிப் புடைப்புச் சிற்பங்கள் உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் நிழல் சேர்ந்து, உருவங்கள் பாறையைவிட்டு எழுந்து வரும். அதே கல், அதே போன். நேரம் மட்டும்தான் வேற. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், புரியும்.

ஒரு நாள் ஹோம்வொர்க்!

* முந்நூறு வேண்டாம், பன்னிரண்டே படம். பழைய ஃபிலிம் ரோல்காரர்கள் மாதிரி எண்ணி எண்ணி எடுங்கள். டெலிட் பண்ணக் கூடாது!

* படமெடுப்பதற்கு முன் அதையே ஐந்து நிமிஷம் வரையுங்கள். அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, யாருக்கும் காட்ட வேண்டாம்.

* கல்யாண மஹாலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எல்லோரும் அதைப் பார்க்கும்போது, அதைப் பார்க்கிற மனிதர்கள் உங்கள் பக்கம் இருப்பார்கள். கடலை விற்கிற பாட்டி, படியெண்ணி மூச்சு வாங்குகிற தாத்தா... அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

* ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீர் கட்டாயம். சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் குரங்குகளோடு உங்கள் பாடு!

செஞ்சிக்கு வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமாரைத் தெரியுமா? மதுரைக்காரர், பொறியியல் படித்தவர். மீன் விற்கிற தன் அம்மாவைப் படமெடுத்தவர். தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் அவர்தான். கோட்டை இல்லாத ஊர் இருக்கலாம். அம்மா இல்லாத படம்தான் நம்ம போனில் அதிகம்!

சுவரில் பார்த்தது...

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தச் சுவரை வரையும்போது, அதில் இருந்த கீறல்களையும் வரைய வேண்டியிருந்தது. அம்பு விட்ட இதயங்கள். 'பாபு + ...' வகையறாக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டே வந்தபோது, கீழ்மூலையில் ஓர் எழுத்து. பக்கத்தில் ஒரு வருஷம்.

என் இனிஷியல். செகண்ட் இயர் டூரில், பைக் சாவியால் நானே கீறியது.

சுத்தமாக மறந்திருந்தேன். அன்றைக்கு அரை நிமிஷ வேலை. எட்டு வருஷ முற்றுகையைப் பார்த்த கோட்டையில், இனி அது போகவே போகாது. "என்னண்ணா நிறுத்திட்டீங்க?" என்றாள் அந்தப் பெண். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அதையும் வரைங்க" என்றாள். வரைந்தேன்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் இருக்கிற ஒன்றே ஒன்று நம்ம செஞ்சி. ஆனால், என்னைச் சுட்டது சட்டமும் இல்லை, யுனெஸ்கோவும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஒரு சுவரை, யாராலும் சாவியால் கீற முடியாது என்று அன்றைக்குத் தெரிந்ததுதான்.

'நான் இங்கே வந்தேன்' என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான். அதைச் சுவரில் எழுதாமல் பேப்பரில் எழுதுங்கள் ஃப்ரெண்ட்ஸ். அந்த முந்நூறு படங்கள் போனோடு போய்விட்டன. கோணலான அந்த ஒரு ஓவியம் மட்டும் இன்னும் என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது பவர் பேங்க்கோடு ஒரு பென்சிலையும் எடுத்து வையுங்கள். அதற்கு சார்ஜே தேவையில்லை!