கிரீன்லாந்துச் சுறா

முதுகெலும்புள்ள பிராணிகளுள் மிக நீண்ட ஆயுள் ஆமைக்குத்தானா என்று அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஆமையின் ஆயுளை அற்பமாக்கிவிடும் ஒரு ஜீவன், வட அட்லாண்டிக் சமுத்திரத்திலும் ஆர்க்டிக் கடலிலும், சூரிய கிரணம் எட்டாத ஆழங்களில், நீர் உறையும் நிலையை நெருங்கும் குளிரில், மிக மந்தமாகச் சஞ்சரித்து வருகிறது. அதுவே கிரீன்லாந்துச் சுறா. இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே அதைக் கண்டிருக்கிறார்கள். அதன் பச்சை மாமிசம் விஷம். ஐஸ்லாந்து மக்கள் அதை வாரக்கணக்கில் நொதிக்கவைத்து, மாதக்கணக்கில் காற்றில் உலர்த்திய பின்னரே உண்கிறார்கள்.

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அதன் வயதைக் கணித்த விதமே. பல மீன்களுக்குச் செவிக்கல்லிலும், வேறு சுறாக்கள் பலவற்றுக்கு முதுகெலும்பிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். இச்சுறாவின் எலும்போ மிக மிருதுவானது. எண்ணுவதற்கு வளையம் இல்லை. ஆனால் அதன் கண்வில்லையின் நடுக்கரு, தாயின் கர்ப்பத்தில் உருவானபடியே ஆயுள் முழுவதும் மாறாமல் இருப்பதால், பிறந்த காலத்தின் கார்பன் அதில் அப்படியே தங்கியிருக்கிறது. கோபன்ஹேகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த யூலியஸ் நீல்சனும் அவருடைய சகாக்களும் 28 பெண் சுறாக்களின் கண்வில்லைகளில் இந்தக் கார்பனை அளந்து, அணுகுண்டுச் சோதனைகள் கடலில் விட்டுச்சென்ற கதிரியக்கச் சுவடு எந்தச் சுறாவில் உண்டு, எதில் இல்லை என்பதையும் ஆதாரமாகக் கொண்டு, 2016இல் தம் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரியது, 5.02 மீட்டர் நீளமுள்ளது, ஏறக்குறைய 392 வயதுடையது. கணக்கில் 120 ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்றாலும், 272 வயதுக்குக் குறையாது!

தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் எழுப்பிய கோட்டையின் மதிலருகே நின்று அதன் தொன்மையை எண்ணி நான் வியந்ததுண்டு. அந்தக் கோட்டைக்கு ஏறத்தாழ ஒத்த வயதுள்ள ஒரு பிராணி, அதைக் கட்டியவர்களின் ராஜ்யத்தைச் சேர்ந்த கிரீன்லாந்தின் கடலில் நம் காலம்வரை நீந்திக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, கல்லைப் பற்றிய அந்த வியப்பு சிறிதாகிவிடுகிறது.

ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத இச்சுறா, கருத்தரிக்கும் பருவத்தை எய்தவே சுமார் 150 ஆண்டுகள் ஆகின்றன. ஈரல் எண்ணெய்க்காக முன்பு இதை ஏராளமாகக் கொன்றார்கள். அந்த வியாபாரம் ஓய்ந்த பின்னும், ஹாலிபட் மீனுக்காக இழுக்கும் வலைகளில் சிக்கி இது மடிகிறது. ஒரு தாய்ச் சுறாவை இழந்தால், அதன் ஸ்தானத்தை இன்று பிறக்கும் குட்டி நிரப்புவதற்குள் மனிதரில் பல தலைமுறைகள் கழிந்துவிடும். ஆகவே வலையில் தற்செயலாகச் சிக்குவதை உயிருடன் இருக்கும்போதே கடலில் விட்டுவிடுவது மீன்பிடிப்போரின் கடமை. அதைச் சட்டமாக்குவது அக்கடல்களில் மீன்பிடிக்கும் நாடுகளின் அரசாங்கங்களுடைய கடமை.