அஞ்சறைப் பெட்டியும் கணிப்பொறியும்

வாணலியில் எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு வாங்கக் கடைக்கு ஓடுவார் உண்டோ? கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அதில் தீர்ந்துபோனால் சரக்கறைக்குச் செல்கிறோம். அடிக்கடி வேண்டியதை அருகில் வைத்துக்கொள்ளும் இந்த எளிய விவேகமே கணிப்பொறியின் வேகத்திற்கும் ஒரு காரணம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோப்புகள் சுழலும் வட்டில் சேமிக்கப்படுகின்றன என்று கொள்வோம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி ஆகும். முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்கவோ சுமார் 100 நானோ வினாடியே போதும். ஏறத்தாழ இலட்சம் மடங்கு வேறுபாடு! ஆகவே ஒரு முறை படித்த பகுதியைக் கணிப்பொறி நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. இவ்விடத்திற்குக் ‘கேஷ்’ என்று பெயர். ஒளித்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. சிறிய, விரைவான நினைவகம் ஒன்றைப் பெரிய நினைவகத்திற்குத் துணையாக வைக்கலாம் என்று 1965இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் எழுதினார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 மாடல் 85 என்னும் பொறியில் அத்தகைய கேஷ் அமைந்திருந்தது.

தேடியது கேஷில் இருந்தால் ‘கிட்டுதல்’ என்றும், இல்லையேல் ‘தவறுதல்’ என்றும் சொல்வோம். இனி ஒரு சிறு கணக்கு. 100 முறை தேடியதில் 99 முறை கிட்டி, ஒரு முறை தவறினால் ஆகும் நேரம் சுமார் 10 மில்லி வினாடி. அதில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே தவறுதலுக்கே செலவாகிறது! 90 முறை கிட்டி 10 முறை தவறினால் 100 மில்லி வினாடி ஆகும். தேர்வில் 90, 99 இரண்டுமே நல்ல மதிப்பெண்கள்தாம். இங்கோ வேகம் பத்து மடங்கு மாறுகிறது. எனவே எத்தனை கிட்டின என்பதைவிட எத்தனை தவறின என்று எண்ணுவதே அறிவுடைமை.

வேகத்தை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே கோப்பை இரு முறை படித்தால், முதன்முறை வட்டிலிருந்தும், மறுமுறை பெரும்பாலும் நினைவகத்திலிருந்தும் வரும். மறுமுறை எடுத்த அளவை வட்டின் வேகம் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆதலால் அளக்குமுன் கேஷைக் காலி செய்ய வேண்டும். அல்லது நினைவகத்தைவிடப் பெரிய கோப்பைப் படிக்க வேண்டும். தொடர்ச்சியாகப் படிக்கும்போது அடுத்த பகுதியையும் கணிப்பொறி முன்கூட்டியே எடுத்து வைக்கிறது. ஆகவே தொடர்ந்து படிப்பதையும் அங்குமிங்குமாகப் படிப்பதையும் தனித்தனியே அளத்தல் அவசியம். ஒவ்வொன்றையும் பலமுறை அளந்து, எல்லா விடைகளையும் குறித்துக்கொள்வது நன்று.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டன்று. மருத்துவமனையில் பல்லாண்டுகளுக்குப் பின் வரும் நோயாளியின் பழைய கோப்பு கேஷில் இருப்பது அரிது. மறுமுறை அளவை மட்டும் நம்பிப் பொறி வாங்கினால், காத்திருக்க நேர்வது அந்த நோயாளியே. நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவதே அறிவியல். அன்புத் தோழியரே, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவன்றோ!